பழைய டீசல் பிக்கப் வாங்கப் போகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

பழைய டீசல் பிக்கப் தேடுகிறவர்கள் முதலில் விலையைப் பார்க்கிறார்கள், அடுத்து மீட்டரை, அதற்கப்புறம் பெயின்ட்டை. மூன்றுமே வண்டியைப் பற்றிப் பெரிதாக எதையும் சொல்லிவிடாது. வாங்கும் விலை ஒரு செலவு என்றால், வாங்கிய முதல் வருடத்தில் அந்த வண்டி வைக்கப்போகும் செலவு இன்னொன்று. இரண்டையும் கூட்டினால்தான் எது மலிவு என்று தெரியும். டீசலில் இந்த இரண்டாவது செலவு பெட்ரோல் வண்டியைவிடக் கடுமையாக இருக்கும். டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர், அதற்கு அழுத்தம் கொடுக்கும் ஹை பிரஷர் பம்ப், இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ, கிளட்ச் ஆகியவற்றில் இரண்டு ஒரே நேரத்தில் கையை விரித்தால், மலிவாக வாங்கிய சந்தோஷம் ஒர்க்‌ஷாப் பில்லிலேயே கரைந்துவிடும். ஆகவே வேலையில் பாதியை வண்டியைப் பார்க்கப் போகும் முன் வீட்டிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

டீசல்தான் வேண்டுமா?

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றைச் சுமார் 16 முதல் 20 மடங்கு வரை அமுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்ற வைக்கிறது. இதோடு டர்போவும் சேரும்போது குறைந்த ஆர்.பி.எம்.மிலேயே இழுவை கிடைக்கிறது. லோடு ஏற்றுகிறவருக்கும், பின்னால் டிரெய்லர் மாட்டி இழுக்கிறவருக்கும், நீண்ட தூரம் ஓட்டுகிறவருக்கும் இதற்கு ஈடு இல்லை.

ஆனால் தினமும் நாலைந்து கிலோமீட்டர் போய் நிறுத்துகிற ஓட்டம்தான் உங்களுடையது என்றால் கொஞ்சம் யோசியுங்கள். புதிய தலைமுறை டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்துகள் வடிகட்டி இருக்கிறது. டி.பி.எஃப். என்பார்கள். கரி சேரச் சேர, வண்டியே அதைச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி எரித்துவிடும். இதற்கு வண்டி ஒரே சீராகக் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். குறுகிய தூர ஓட்டத்தில் எரிப்பு பாதியில் நின்று நின்று, கடைசியில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். பாதியில் நின்ற எரிப்புக்காக ஊற்றிய டீசலில் ஒரு பங்கு இன்ஜின் ஆயிலிலும் இறங்கும். இப்படிப்பட்ட ஓட்டத்துக்கு ஒரு பெட்ரோல் பிக்கப்பே போதும். டீசல் மோகத்தை ஒதுக்கி வைத்துவிடலாம்.

எவ்வளவு எடை?

எல்லாப் பிக்கப்பும் எல்லா எடையையும் தாங்காது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் அதன் ஓரத்திலோ, கதவு மூடும் தூணிலோ ஒரு தகடோ ஸ்டிக்கரோ இருக்கும். மொத்த எடை வரம்பு அதில் போட்டிருக்கும். உதாரணமாக மொத்த வரம்பு 3,000 கிலோ, வண்டியின் சொந்த எடை 1,950 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 1,050 கிலோ. அந்த 1,050-க்குள் ஆட்களும் அடக்கம். டபுள் கேபினில் நான்கு பேர் ஏறினால் 300 கிலோ போச்சு. முன் கம்பி, கேரியர், கூடுதல் பேட்டரி என்று முந்தைய ஓனர் மாட்டிய சாமான்கள் 100 கிலோ என்றால், சரக்குக்கு 650-தான். ஒரு டன் வண்டி என்று சொல்லி விற்பவர் இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டார்.

ஃபோர் வீல் டிரைவ் வேண்டுமா என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். சேறு, மணல், பனி, கரடுமுரடான ஏற்றம் இவற்றில் எதுவும் உங்கள் வழியில் இல்லையென்றால் டூ வீல் டிரைவே நல்லது. விலையும் குறைவு, பழுதாகும் பாகங்களும் குறைவு.

கையில் உள்ள பணம் முழுவதையும் வண்டிக்குப் போடாதீர்கள்

ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். பழைய டீசல் என்றால் நான்கில் ஒரு பங்கு என்றாலும் தப்பில்லை. டயர், பேட்டரி, ஆயில்கள், ஃபில்டர்கள், டைமிங் பெல்ட் என்று முதல் மாதத்திலேயே அந்தப் பணத்துக்கு வேலை வந்துவிடும். கனரக டீசல் பிக்கப்புகள் சிலவற்றில் பேட்டரியே இரண்டு.

எந்தத் தலைமுறை வண்டி?

மலிவா, செலவா என்பது பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது. பிராண்ட் பெயரைவிட இன்ஜினில் டீசல் எப்படி உள்ளே போகிறது என்பதுதான் முக்கியம். பழைய டீசல் பிக்கப்புகளை மோட்டாவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, மெக்கானிக்கல் பம்ப் வண்டிகள். பெரும்பாலும் 1990-களோடு முடிந்த தலைமுறை. கம்ப்யூட்டர் கிடையாது, அல்லது பெயருக்கு இருக்கும். சத்தம் போடும், மெதுவாகத்தான் நகரும், புகையும் விடும். ஆனால் சாதாரண மெக்கானிக்கே கையில் ஸ்பேனரோடு சரிசெய்துவிடுவார். அமெரிக்க டாட்ஜ் ராம் வண்டியில் 1989 முதல் 1998 வரை வந்த 5.9 லிட்டர், 12 வால்வ் கம்மின்ஸ் இதற்குப் பேர்போனது. அதில்கூட ஒரு சின்னச் சங்கதி உண்டு. முன்பக்க கியர் கேஸில் இருக்கும் ஒரு சிறு இரும்பு முளை அதிர்வில் நகர்ந்து வெளியே வந்து கியருக்குள் விழுந்துவிடலாம். அதைத் தடுக்கத் தகடு வைத்தாயிற்றா என்று கேளுங்கள். டொயோட்டா ஹைலக்ஸில் வந்த 2.8 லிட்டர் 3எல், இசுசுவின் 2.5 லிட்டர் 4ஜேஏ1 இரண்டும் இதே சாதுவான குணம் கொண்டவை. இந்த வகையில் இன்ஜினைவிட வண்டியின் வயதுதான் தொந்தரவு. துரு, வெடித்த ரப்பர் குழாய்கள், களைத்துப்போன பிரேக் என்று சுற்றியுள்ள சாமான்கள் செலவு வைக்கும்.

இரண்டாவது வகை, எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் வந்த பிறகும் டி.பி.எஃப். வராத காலத்தவை. பெரும்பாலும் 2000-ஐ ஒட்டித் தொடங்கி, 2007 முதல் 2010 வரை நாட்டுக்கு நாடு வெவ்வேறு வருடத்தில் முடிகிறது. பட்ஜெட் வைத்துத் தேடுகிறவருக்கு இந்த வகைதான் சரியான இடம் என்பது என் கணிப்பு. இழுவை, மைலேஜ், ஓட்டும் சுகம் எல்லாம் இருக்கும். புகைக்குழாய்த் தொல்லைகள் குறைவு. ஆனால் இவற்றில் பலவற்றில் உள்ள, எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரயில் முறையில் டீசல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பார் அழுத்தத்தில் பாய்கிறது. துளி தண்ணீரும் தூசியும் இன்ஜெக்டரைத் தின்றுவிடும். டீசல் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றாத ஓனரிடமிருந்து இந்த வகை வண்டியை வாங்கவே கூடாது.

இந்தக் காலத்து இன்ஜின் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜாதகம் உண்டு. ஃபோர்டின் 7.3 லிட்டர் பவர்ஸ்ட்ரோக் 1994 முதல் 2003 வரை வந்தது. முரட்டு இன்ஜின். கேம்ஷாஃப்ட் சென்சார் மட்டும் திடீரென்று போய் நடுவழியில் நிறுத்தும் என்பதால், விவரம் தெரிந்தவர்கள் ஒன்றை உபரியாக வண்டியிலேயே வைத்திருப்பார்கள். அதற்கு அடுத்து 2003 முதல் 2007 வரை வந்த 6.0 லிட்டர் பவர்ஸ்ட்ரோக் மலிவாகக் கிடைக்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. ஆயில் கூலர் அடைப்பு, புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இ.ஜி.ஆர். அமைப்பின் கூலரில் விரிசல், சிலிண்டர் ஹெட்டின் அடியில் உள்ள ஹெட் கேஸ்கெட் என்று ஒன்றை இழுத்தால் இன்னொன்று வரும். இந்த வேலைகள் ஏற்கெனவே முடிந்ததற்குப் பில் இருந்தால் ஒழிய, புதியவர்கள் அதன் பக்கம் போக வேண்டாம். 1998-இல் தொடங்கி 2002 வரை வந்த 24 வால்வ் கம்மின்ஸில், டேங்கிலிருந்து டீசலைத் தள்ளும் சிறிய பம்ப் தளர்ந்தால் வி.பி.44 என்ற பெரிய பம்ப் பட்டினி கிடந்து பழுதாகும். ஷெவர்லே, ஜி.எம்.சி. வண்டிகளில் 2001 முதல் 2004 வரை வந்த டியூராமேக்ஸ் எல்.பி.7-இல் இன்ஜெக்டர்கள் வால்வ் கவருக்குள்ளேயே இருப்பதால், சாமானை விடக் கூலி கடிக்கும். 2006, 2007-இல் வந்த டியூராமேக்ஸ் எல்.பி.இசட்.-க்கு நல்ல பெயர், அதனால் விலையும் ஜாஸ்தி.

அமெரிக்காவுக்கு வெளியே அதிகம் கிடைப்பவை ஜப்பானிய ஒரு டன் பிக்கப்புகள். டொயோட்டாவின் 3.0 லிட்டர் 1கேடி இன்ஜினின் ஆரம்பகால வண்டிகளில் இன்ஜெக்டர் அடி வாஷர் கசிந்து, கரி ஆயிலோடு கலந்து, கீழே ஆயில் இழுக்கும் வலையை அடைத்துவிடும். ஆயில் வராமல் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். வாஷர் மாற்றிய ஆதாரம் கேளுங்கள். நிசான் ஒய்.டி.25-இல் பழைய வண்டிகளின் டைமிங் செயின் நீளும். ஸ்டார்ட் செய்தவுடன் முன்பக்கம் சலசலவென்று சத்தம் கேட்டால் கவனம். மிட்சுபிஷி 4டி56-இல் இருப்பது பெல்ட். மாற்றிய பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இசுசுவின் 3.0 லிட்டர் 4ஜேஜே1 உழைப்பாளி, ஆளைப் படுத்தாது.

மூன்றாவது வகை, டி.பி.எஃப். உள்ளவை. அமெரிக்காவில் 2007 மாடல்களை ஒட்டி இது வந்தது. மற்ற இடங்களில் பெரும்பாலும் யூரோ 5 என்ற ஐரோப்பியப் புகைக் கட்டுப்பாட்டு விதியை ஒட்டியோ அதற்கப்புறமோ. இவற்றில் பலவற்றுக்குப் புகையைச் சுத்தப்படுத்தும் யூரியாக் கரைசலும் தனியாக ஊற்ற வேண்டும். சுத்தமான புகை, அமைதியான ஓட்டம், அசுர இழுவை. ஆனால் சென்சார் கூட்டம் அதிகம். சில இன்ஜின்களில் பாஷ் நிறுவனத்தின் சி.பி.4 வகை ஹை பிரஷர் பம்ப் இருக்கிறது. 2011 முதல் 2016 வரையிலான டியூராமேக்ஸ் எல்.எம்.எல். ஓர் உதாரணம். அது உள்ளே தேய்ந்து உடைந்தால் இரும்புத் துகளை இன்ஜெக்டர் வரைக்கும் அனுப்பிவிடும். அப்புறம் பம்பை மட்டும் மாற்றிப் பயனில்லை, டீசல் ஓடும் பாதை முழுவதையும் மாற்ற வேண்டும். நீண்ட தூரம் ஓடிய, சர்வீஸ் கணக்கு முழுதாக உள்ள வண்டியாக இருந்தால் மட்டும் இந்த வகையைப் பாருங்கள்.

எந்த வகையானாலும் சரி, அந்த இன்ஜினைத் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருக்கிறாரா, உதிரி பாகம் கிடைக்கிறதா என்று முதலில் விசாரித்துவிடுங்கள். எவ்வளவு நல்ல இன்ஜினாக இருந்தாலும் பாகத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமென்றால் அது உங்களுக்கான வண்டி அல்ல.

போனிலேயே பாதி வண்டிகளைக் கழித்துவிடலாம்

ஏன் விற்கிறீர்கள், என்ன வேலைக்கு ஓடியது, கடைசியாக இன்ஜெக்டர் பக்கம் கை வைத்தது எப்போது, டைமிங் பெல்ட் மாற்றிய பில் இருக்கிறதா, பேரில் கடன் ஏதாவது உண்டா என்று கேளுங்கள். பதிலைவிடப் பதில் வரும் விதம் முக்கியம். வண்டியைக் கவனித்து வைத்திருந்தவர் தேதியோடு சொல்வார். சில நேரம் நிறுத்தவே மாட்டார். “எல்லாம் பக்கா, வந்து பாருங்க” என்று மட்டும் சொல்கிறவரிடம் பில் இருக்காது.

அப்புறம் ஒரே ஒரு வேண்டுகோள் வையுங்கள்: “நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்.”

குளிர்ந்த இன்ஜின், முதல் ஸ்டார்ட்

டீசல் வண்டி தன் குறையை மறைக்க முடியாத நேரம் இதுதான். போனதும் பேச்சைத் தொடங்கும் முன் பானெட்டைத் திறந்து இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், “சும்மா நகர்த்தி வைத்தேன்” என்று என்ன காரணம் சொன்னாலும் இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பலாம். அது கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

குளிர்ந்திருந்தால் ஆயில் குச்சியை உருவுங்கள். டீசல் ஆயில் கறுப்பாக இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். மாற்றிய சில நாட்களிலேயே அப்படித்தான் ஆகும். அளவு மேல்கோட்டைத் தாண்டி, முகர்ந்தால் டீசல் வாசம் அடித்தால்தான் கவலை. மோர் நிறத்தில் நுரைத்திருந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் கலந்திருக்கிறது. கூலன்ட் மூடியையும் இப்போதே, சூடாகும் முன்பே, திறந்து பாருங்கள். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, துருத் தண்ணீராக இருந்தாலோ குறித்துக்கொள்ளுங்கள்.

சாவியை ஒரு சுற்று மட்டும் திருப்பி நிறுத்துங்கள். சுருள் கம்பி படம் போட்ட ஹீட்டர் விளக்கும், இன்ஜின் விளக்கும் எரிய வேண்டும். இன்ஜின் விளக்கு எரியவே இல்லை என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தமல்ல. கம்ப்யூட்டர் உள்ள வண்டி என்றால் பல்ப் போயிருக்கலாம், இல்லை யாரோ அதை எரியவிடாமல் செய்திருக்கலாம். ஹீட்டர் விளக்கு அணைந்ததும் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் செல்ஃப் அடியுங்கள். ஆரோக்கியமான இன்ஜின் இரண்டு மூன்று நொடியில் பிடித்துக்கொள்ளும். நீண்ட நேரம் செல்ஃப் சுற்றிச் சுற்றி, இருமி இருமி ஸ்டார்ட் ஆனால் ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக், இன்ஜெக்டர் கசிவு, லைனில் காற்று, தளர்ந்த கம்ப்ரஷன் (சிலிண்டர் காற்றை அமுக்கும் திறன்) என்று நாலில் ஏதாவது ஒன்று. முதல் இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

ஸ்டார்ட் ஆனதும் நண்பர் ஒருவரைப் பின்னால் நிறுத்திப் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். குளிரில் சில நொடி வெள்ளையாக வருவது சகஜம். நிற்காமல் வந்து கண்ணை எரித்தால் எரியாத டீசல். இனிப்பு வாசம் அடித்தால் கூலன்ட். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் குடிக்கிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது கறுப்பாக ஒரு கொத்து வருவது பழைய இன்ஜினுக்கு இயல்பு; திரை போட்டது போல் வந்துகொண்டே இருந்தால் காற்று போதவில்லை, இல்லை இன்ஜெக்டர் அளவுக்கு மீறி ஊற்றுகிறது.

ரேடியேட்டருக்குப் போகும் மேல் குழாயைப் பிடித்துப் பாருங்கள். இன்ஜின் இன்னும் சூடாகாத முதல் ஒன்றிரண்டு நிமிடத்திலேயே அது கல் மாதிரி விறைத்தால், சிலிண்டரின் வாயு தண்ணீர்ப் பாதைக்குள் போகிறது. ஹெட் கேஸ்கெட்டோ, ஹெட்டோ, இ.ஜி.ஆர். கூலரோ, எதுவானாலும் சின்ன வேலை இல்லை.

இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, தலைகீழாக அந்த வாயின் மேலேயே வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. துள்ளி விழுந்தாலோ, புகை நீராவி மாதிரி தொடர்ந்து தள்ளினாலோ, பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன. பேக் கம்ப்ரஷன் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். சில இன்ஜின்களில் அந்த வாய் இருக்கும் இடத்தாலேயே கொஞ்சம் அதிகம் ஊதும். சந்தேகம் இருந்தால் ஆயில் குச்சியையும் உருவிப் பாருங்கள். அந்தக் குழாயிலும் புகை தள்ளினால் முடிவு உறுதி. அதற்கு மேல் பேரம் பேச வேண்டாம், வேறு வண்டி பார்க்கலாம்.

அடியில் படுத்துப் பார்க்க வேண்டியது

பழைய துணி ஒன்று, டார்ச், சின்னச் சுத்தியல் போதும். வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸ்தான் பிக்கப்புக்கு முதுகெலும்பு. இன்ஜினை மாற்றலாம், உளுத்த சேசிஸை மாற்றுவது யாருக்கும் கட்டுப்படியாகாது. பனிக்கு உப்பு தூவும் நாடுகளிலும் கடலோரத்திலும் ஓடிய வண்டிகளில் இது இன்னும் முக்கியம். 2005-ஐ ஒட்டி வந்த நிசான் நவாரா டி40-களில் துருவால் சேசிஸ் உடைந்த கதைகள் பிரபலம். பின் ஸ்பிரிங் மாட்டும் இடம், டேங்குக்கு மேலே, கேபினுக்கும் சரக்குத் தொட்டிக்கும் நடுவே என்று சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு இருக்கிறது. மொத்தென்று கேட்டால் உள்ளே செதில்தான் இருக்கிறது. சேசிஸ் முழுக்கப் புதுக் கறுப்புப் பெயின்ட் பளபளத்தால் சந்தோஷப்படாதீர்கள். விற்பதற்கு முந்தின வாரம் அடித்த கறுப்பு எதையோ மூடுவதற்குத்தான்.

பின்னர் எழுந்து பக்கவாட்டில் நின்று கேபினுக்கும் தொட்டிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால், அதிக லோடால் சேசிஸ் பின்பக்கம் தொய்ந்திருக்கலாம். இடது பக்கமும் வலது பக்கமும் வேறு வேறாக இருந்தால் அடிபட்ட வண்டியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

“லோடே ஏற்றியதில்லை, வீட்டு உபயோகம்தான்” என்பார்கள். தொட்டியின் தரையும் ஸ்பிரிங்கும் வேறு கதை சொல்லும். லீஃப் ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை சேர்த்திருந்தாலோ, பட்டைகள் நிமிர்ந்து போயிருந்தாலோ, ஒன்றில் விரிசல் இருந்தாலோ வண்டி நன்றாகச் சுமந்திருக்கிறது. டிரெய்லர் மாட்டும் குண்டு ஒரு பக்கம் தேய்ந்து பளபளப்பது, தொடர்ந்து இழுத்ததற்கு அடையாளம். வேலை செய்த வண்டி கெட்ட வண்டி என்று சொல்ல வரவில்லை. சொன்னதும் கண்டதும் ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி.

கடைசியாக, இன்ஜின் நின்று ஆறிய பிறகு டர்போவுக்குக் காற்று போகும் குழாயைக் கழற்றி விரல் விட்டுத் தண்டை அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் இம்மி அசைவு இருக்கலாம். முன்னும் பின்னும் அசைந்தாலோ, இறக்கை சுவரில் உரசிய தடம் இருந்தாலோ டர்போ விலையைக் கழித்துக்கொள்ளுங்கள். குழாய்க்குள் ஆயில் ஈரம் சகஜம், குட்டையாகத் தேங்கியிருப்பது சகஜமல்ல.

ஓட்டிப் பார்க்கும்போது

தெருவைச் சுற்றி ஒரு ரவுண்டு போதாது. அரை மணி நேரமாவது ஓட்டி, இன்ஜினை முழுச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். ரேடியோவை அணைத்துவிடுங்கள், சில விற்பனையாளர்கள் ஓட்டத் தொடங்கியதும் பாட்டைப் போடுவது நல்லெண்ணத்தால் மட்டும் அல்ல.

மேட்டில் மூன்றாவது கியரில் முழு ஆக்சிலரேட்டர் கொடுங்கள். இழுவை சீராக ஏற வேண்டும். நடுவில் திடீரென்று மூச்சு அடங்கி, விளக்கு எரிந்து, அதற்கப்புறம் வண்டி நகரவே மறுத்தால், கம்ப்யூட்டர் தற்காப்புக்காக இன்ஜினைக் கட்டிப்போட்டுவிட்டது என்று பொருள். டர்போவோ டீசல் அழுத்தமோ காரணமாக இருக்கும். சமதளத்தில் நான்காவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரைச் சட்டென்று அழுத்துங்கள்; ஆர்.பி.எம். மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. ஆட்டோமேட்டிக் என்றால் டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்றும்போது தாமதமோ, தூக்கிப் போடுவதோ இருக்கக் கூடாது. ஆக்சிலரேட்டரை விடும்போது பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வந்து, அழுத்தும்போது மாறினால், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் கியர் தேய்ந்திருக்கிறது.

ஃபோர் வீலை மண் தரையில் போட்டுப் பாருங்கள். காய்ந்த தார் ரோட்டில் போட்டுத் திருப்பினால் நல்ல பாகமும் கெடும். மெதுவாக, அதிக இழுவையோடு போக உதவும் லோ ரேஞ்சும் விழுகிறதா என்று பார்க்க மறக்க வேண்டாம். வருடக்கணக்கில் தொடாமல் இறுகிப் போயிருப்பது அதுதான்.

திரும்பி வந்து இன்ஜினை நிறுத்திவிட்டு ஐந்து, பத்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். பிறகு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். குளிரில் நன்றாகப் பிடித்த இன்ஜின் சூட்டில் பிடிக்க மறுத்தால், டீசல் பம்போ இன்ஜெக்டரோ தேய்ந்திருக்கிறது. பழைய ரோட்டரி பம்ப் வண்டிகளில் பம்பின் மேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் ஸ்டார்ட் ஆகிவிடும். டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை இது. விற்பவர் பாட்டிலோடு நின்றால் புரிந்துகொள்ளுங்கள்.

மெக்கானிக்கும் ஸ்கேனரும்

வண்டி இதுவரை தேறினால் மட்டும் காசு செலவழித்து உங்கள் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். விற்பவர் பரிந்துரைக்கும் மெக்கானிக் வேண்டாம். ஸ்கேனரில் பழுதுக் குறியீடுகள் இருக்கின்றனவா என்பதோடு, எப்போது அழிக்கப்பட்டன என்றும் பார்க்கச் சொல்லுங்கள். நேற்று அழித்திருந்தால் நாளை திரும்ப வரும். ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் கம்ப்யூட்டர் கூட்டிக் குறைக்கும் டீசலின் திருத்த அளவுகள், டி.பி.எஃப்.-இல் சேர்ந்த கரி மற்றும் சாம்பலின் அளவு ஆகியவையும் பல வண்டிகளில் தெரியும்.

இன்ஜின் ஓடிய மணி நேரம் கிடைத்தால் அது மீட்டரைவிட நம்பகமானது. உதாரணமாக மீட்டர் 90,000 கிலோமீட்டர், இன்ஜின் 6,000 மணி நேரம் என்றால் சராசரி வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர். ஒன்று, நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டிருக்கிறார்கள். இல்லை, மீட்டரைத் திருப்பி வைத்திருக்கிறார்கள். பெடல் ரப்பர் வழுவழுத்து, சீட்டின் ஓரம் கிழிந்து, மீட்டர் மட்டும் இளமையாக இருந்தால் ஸ்கேனரே தேவையில்லை. ஹைவேயில் 2,50,000 கிலோமீட்டர் சீராக ஓடிய டீசல், ஊருக்குள் 80,000 கிலோமீட்டர் நின்று நின்று ஓடியதைவிட மேல்.

பேப்பர்

சேசிஸில் பொறித்த எண், தகட்டில் உள்ள எண், பதிவுச் சான்றிதழில் உள்ள எண் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். எழுத்துகள் கோணலாக, சுற்றிலும் உரசியது போல் இருந்தால் விலகிவிடுங்கள். கடன் பாக்கி இருந்தால் அதை அடைத்த கடிதம் கைக்கு வரும்வரை முழுப் பணம் கொடுக்காதீர்கள். வணிக வாகனமாகப் பதிவான வண்டி என்றால் உங்கள் உரிமத்துக்கும் காப்பீட்டுக்கும் அது ஒத்துவருமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

டி.பி.எஃப்., இ.ஜி.ஆர். ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, “இனிமேல் தொல்லையே இல்லை” என்று விற்கிறவர்கள் உண்டு. பல நாடுகளில் அது சட்டவிரோதம். புகைச் சோதனையில் தேறாது, மறுபடி பொருத்தும் செலவு உங்கள் தலையில் விழும். பவர் கூட்டிய வண்டியும் அப்படித்தான்; அந்தக் கூடுதல் பவரைக் கிளட்சும் கியர்பாக்ஸும் எத்தனை நாள் தாங்கின என்பது யாருக்குத் தெரியும்?

பேரம்

நீங்கள் குறித்து வைத்த பழுதுகளுக்கு மெக்கானிக் சொன்ன செலவைப் போட்டு, அந்தத் தாளை விற்பவர் முன் வையுங்கள். கோபமாகப் பேசத் தேவையில்லை, கணக்கே பேசும். பேக் கம்ப்ரஷன், சேசிஸ் துரு, கூலன்ட் கலப்பு இந்த மூன்றுக்கும் மட்டும் விலைக் குறைப்பை ஏற்காதீர்கள். எவ்வளவு குறைத்தாலும் அந்த வண்டியை உங்கள் தலையில்தான் கட்டுகிறார்கள்.

வாங்கிய முதல் வாரம்

இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் நான்கையும் மாற்றுங்கள். டி.பி.எஃப். உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். எந்தக் குறியீடு என்று வண்டியின் கையேட்டில் இருக்கும். கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஃபோர் வீல் இருந்தால் முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆகியவற்றின் ஆயில்களையும் விட்டுவிடாதீர்கள். பில் இல்லாத டைமிங் பெல்ட்டை உடனே மாற்றுங்கள். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போகும். டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருந்தால் திறந்து ஒரு கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். அடியில் தண்ணீர் தனியாகத் தங்கினால் டேங்கையும் கழுவ வேண்டியிருக்கும்.

கழற்றிய பழைய ஆயில் ஃபில்டரைக் குப்பையில் போடச் சொல்லாதீர்கள். வெட்டித் திறந்து, உள்ளே உள்ள காகித மடிப்பை விரித்து வெயிலில் பாருங்கள். கறுப்புக் கரி படிந்திருப்பது இயல்பு. அதில் செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ மினுமினுப்புத் துகள் தெரிந்தால், வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிட்டு மெக்கானிக்கை வரவழைத்து பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.